எதிர்மனையில் மாப்பிள்ளை

எதிர்மனையில் எண்பது வீடுகளோடு அடுக்குமாடி வரக்கூடாது என்று தெருவையே திரட்டியவள் நர்ஸம்மா. அந்த மனையில் பில்டரோடு தன் மருமகனைக் கண்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. அவர் இவள் வீட்டையே வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

“புரோக்கர் வேலை பாக்குறாரு. என் வீட்டையும் வளைச்சுப் போடத்தான் நோட்டம்,” என்றாள் பக்கத்து வீட்டு வக்கீலிடம்.

“மாப்பிள்ளையாச்சேம்மா?”

“யாரா இருந்தா என்ன? கோர்ட்டுல தடை வாங்குங்க.”

தடை கிடைத்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள்.

“உன் வீட்டுக்காரர் திட்டம் பலிக்கலடி!”



“அங்க ரெண்டாவது மாடியில நாங்க குடிவந்தா, உன் வாசல் தெரியுமான்னு பாக்கத்தான் அவரை அனுப்பினேன்ம்மா. சாவி கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்.”