ஆரம்பச் சம்பளம்

“தொழில் கத்துக்கினு போறவனுக்குச் சம்பளம் ஒரு கேடான்னு கேட்டீங்களே சார், இப்ப நீங்களே வாதாடுங்களேன்.” முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் ஜூனியர் வக்கீல் தணிகாசலம் சிரிக்காமல் சொல்கிறான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சீனியர் பரமசிவத்துக்குக் காலையிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. “அடுத்த மாசத்துலேர்ந்து தரேன்பா,” என்கிறது அந்தக் காற்று. தணிகாசலம் கறுப்புக் கோட்டைக் கழற்றுகிறான். அவன் சேர்ந்த அன்று, ‘இதுதான் உன் ஆரம்பச் சம்பளம்’ என்று பரமசிவம் தூக்கிப் போட்ட பழைய கோட்டு. அதன் வெளுத்த முழங்கைகளில் வெயில் விழுகிறது. அதை நிதானமாக மடித்து, சுருக்கம் போகத் தடவி, அவர் மடியில் வைக்கிறான். “சம்பளத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன் சார். கோட்டு இல்லாதவன் கோர்ட்டுல வாயைத் திறக்கக் கூடாது. நீங்க கத்துக்குடுத்ததுதான்.” உள்ளேயிருந்து டவாலி, “அம்சவேணி!” என்று கூவுகிறான். தறி போட்ட வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வழக்குக்கு வந்திருக்கும் பரமசிவத்தின் கட்சிக்காரி அம்சவேணி, சாயம் ஏறிய விரல்களால் அந்தக் கோட்டை எடுத்து உதறுகிறாள். கோட்டின் கைகள் இரண்டையும் விரித்துப் பிடித்தபடி தணிகாசலத்தின் முன்னால் வந்து நிற்கிறாள். “என் வூடு பூடும் தம்பி. இதைப் போட்டுக்கப்பா.”