சந்தேகம் கூப்பிடுகிறது

"என்னங்க, சந்தேகம் கூப்பிடுது" என்று போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள் மனைவி.

புரோகிராமருக்குச் சுருக்கென்றது. ஆற்றுநீர் அளக்கும் அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் அம்மாள் ஒருவர். அவருடைய எண்ணை 'சந்தேகம்' என்றே போனில் பதிந்து வைத்திருந்தார் இவர்.

கோபம் வராமல் என்ன செய்யும்? சராசரி, ஏற்ற இறக்கம், ஒப்பீடு என்று சகலமும் கணக்கிடும் புள்ளியியல் மென்பொருள் தொகுப்பு ஒன்றை இவர் எழுதியிருந்தார். எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கப் பக்கம். இணையப் பக்கம் மாதிரியே பிரவுசரில் திறக்கும். ஆனால் இணையமே வேண்டாம்; தொகுப்போடு சேர்ந்து வந்து கணினிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஊட்டிவிடாத குறைதான். அதற்கப்புறம் எல்லோரும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள், இந்த அம்மாளைத் தவிர.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுது அந்தம்மா" என்று அலுத்துக்கொள்வார்.

"அலைஞ்சா அலையட்டும். அவங்க கூப்பிடுற அன்னிக்குத்தானே நீங்களே அந்தப் பக்கத்தையெல்லாம் திறந்து பார்க்குறீங்க" என்பாள் மனைவி.

போன தடவை, நடுவில் ஒருநாள் அளவு விட்டுப்போயிருந்தால் சராசரி வருமா என்று கேட்டார் அம்மாள். புரோகிராமர் பக்கத்தைத் திறந்து, பாலர் வகுப்புக்குப் பாடம் நடத்துவதுபோல வாசித்தார். விட்டுப்போனதைத் தொகுப்பு தானே தள்ளிவிடும் என்று போட்டிருந்தது. வாசிக்கும்போதே நாக்கு இடறியது. தானே தள்ளாது, தள்ளச் சொன்னால்தான் தள்ளும். அதைத் தான் முன்பே கவனித்துவிட்டதாக மிடுக்காகச் சொல்லி வைத்தார். பிறகு பக்கத்தைத் திருத்திவிட்டு, தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

இன்றைக்குத் தொகுப்பின் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். தலைக்குமேல் வேலை. இந்த நேரத்தில்தான் சந்தேகம்.

"சார், வெள்ளக் கணக்குப் பக்கத்துல இருக்கிற உதாரணத்தை அப்படியே அடிச்சேன். ஓட மாட்டேங்குது. என் விரல்லதான் ஏதோ கோளாறு போல."

"விரல்ல இல்லைம்மா, தலையில" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த அம்மாளின் அறியாமையை ஆதாரத்தோடு நிரூபிக்க அந்த உதாரணத்தைத் தானே ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. கடைசியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. போட்டார், ஓடியது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

நேரே அந்த அலுவலகத்து மேலதிகாரியைப் பிடித்தார். எழுதிக் கொடுத்ததைப் படிக்கக்கூடத் தெரியாதவரை வைத்துக்கொண்டு எப்படி வேலை வாங்குகிறீர்கள் என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

"அவங்களை மாத்திட்டு வேற ஆளைப் போடுங்க. இல்லைன்னா உங்க ஆபீஸ் போனையே நான் இனிமே எடுக்கறதா இல்லை."

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு.

"சார், எங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் உங்க தொகுப்பைச் சொல்லிக்கொடுக்கிறதே அவங்கதான். ஆத்தங்கரையில அளவு எடுக்கிற இடத்துல இணையம் கிடையாது. உங்க பக்கங்களை நம்பித்தான் எங்க பொழைப்பே ஓடுது."

"அப்புறம் எதுக்கு என் உயிரை வாங்கறாங்க?"

மேலதிகாரி தயங்கினார்.

"முன்னே ஒருதடவை, ஒரு பக்கத்துல தப்பு இருக்குன்னு பேர் போடாம உங்களுக்கு எழுதினாங்க. நீங்க கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தையே எடுத்துட்டீங்க. அன்னியிலேருந்து அவங்க சொல்றது இதுதான் சார்: 'நான் கண்டுபிடிச்சா பக்கம் போயிடும், அவரே கண்டுபிடிச்சா பக்கம் தங்கும். பக்கம் தங்கட்டும், நான் முட்டாளாவே இருந்துட்டுப் போறேன்.'"