தும்பிக்கை வராத யானை

"போனை எல்லாரும் இந்தக் கூடையில போட்டுட்டு உள்ள வாங்க!"

வாசலில் கூடையோடு நின்றாள் காகித டீச்சர். அவள் தலைக்கு மேலே, கலர் தாளில் அவளே வெட்டி ஒட்டிய வாசகம்: 'போனை வை, காகிதத்தைத் தொடு!'

சனிக்கிழமை வகுப்புக்கு வழக்கமாக வருகிறவர்கள் வரிசையாகப் போட்டார்கள். பல் டாக்டர் மட்டும், பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறவர் மாதிரி, தன் போனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

கடைசியாக வந்தவர் புதியவர். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. இன்றைய வகுப்பு அவருக்குப் பிடித்துவிட்டால், டீச்சருக்கு அந்தப் பள்ளியிலேயே வேலை. வாடகை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நடத்துகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

"எங்க பிள்ளைங்க விரலுக்கு போன் கண்ணாடியைத் தேய்க்க மட்டும்தாம்மா தெரியுது. ஒரு தாளை நேரா மடிக்கத் தெரியலை. நீங்க போனே இல்லாம நடத்தறீங்களாமே?"

"அந்தச் சனியனை நான் கையாலயும் தொடறதில்ல மேடம்."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளறையிலிருந்து நாத்தனார் வந்து நின்றாள். காதில் ஒயர், கையில் போன். எங்கே பிளக் இருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதால் வீட்டில் அவளுக்கு 'சார்ஜர்' என்றே பெயர்.

"சார்ஜர், நீயும் போடு."

"எனக்கு வேலை இருக்கு அண்ணி."

"பெரிய வேலை! பாருங்க மேடம், எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. வெள்ளிக்கிழமை ஆனா போனும் கையுமா உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டா. ரெண்டு கையை எதுக்குத்தான் வெச்சிருக்காளோ!"

எல்லாரும் சிரித்தார்கள். சார்ஜரும் சிரித்தாள்.

"யானையைப் பத்திரமாப் பாத்துக்குங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "வீட்டுப் பொண்ணையே போனை விட வைக்க முடியலையே. எங்க பிள்ளைங்களை எப்படிம்மா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. பழைய பத்திரிகைப் பக்கங்களைச் சதுரமாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"இன்னிக்கு யானை செய்யப் போறோம்."

கூடம் முழுக்கத் தாள் சரசரத்தது. தலைமையாசிரியை அச்சுத் தாளை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கால் வந்தது. காது வந்தது. அதட்டல் முகம் போய்ச் சின்னப் பெண் முகம் வந்தது.

"அய்யோ, நிக்குதும்மா இது! நானே செஞ்சேன்!"

டீச்சருக்கு வேலை கிடைத்துவிட்ட மாதிரியே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த மடிப்பை மறந்துபோனாள்.

தும்பிக்கை!

இப்படி மடித்தாள். அப்படி மடித்தாள். யானை பன்றி மாதிரி விழித்தது.

"என்ன டீச்சர், மூக்குல பல் வலியா?" என்றார் பல் டாக்டர்.

"ஒரு நிமிஷம். அடுப்புல பால் வெச்சுட்டேன்."

அடுக்களைக்கு ஓடினாள். அடுப்பில் பாலும் இல்லை, பாத்திரமும் இல்லை. மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தாள். உள்ளே அவளுடைய போன்.

இந்த டப்பா ரகசியம் கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாது. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள், முகம் காட்டாமல், வாய் திறக்காமல், வெள்ளிக்கிழமை தோறும் போனில் ஒரு பாடம் நடத்தும். அதையே டீச்சர் சனிக்கிழமை, தன் சொந்தச் சரக்கு மாதிரி நடத்துவாள். பாவம், குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் காகிதத்தின் மேல் அவளுக்கிருந்த ஆசை நிஜம். கற்றுக்கொள்ள வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

யானை வீடியோவை ஓட்டினாள். தும்பிக்கை இடம் வந்ததும் கையுறை குறுக்கே வந்து மறைத்தது. திரும்ப ஓட்டினாள். திரும்பவும் மறைத்தது.

"டீச்சர், பால் பொங்கிடுச்சா?" தலைமையாசிரியையின் குரலில் பழைய அதட்டல் எட்டிப் பார்த்தது. "எனக்கு நேரமாகுதும்மா!"

"இதோ வந்துட்டேன் மேடம்!"

'காகிதப் பித்து' என்ற தன் புனைபெயரில் வீடியோவுக்குக் கீழே அவசரமாகத் தட்டினாள்: 'ஐயா, அல்லது அம்மா, யாரா இருந்தாலும் சரி. தும்பிக்கை வரலை. மானம் போகுது. உடனே சொல்லுங்க!'

உலகத்தின் எந்த மூலையில் எந்தப் புண்ணியவான் முழித்திருக்கிறானோ, எப்போது பார்ப்பானோ!

அனுப்பி மூச்சு விடுவதற்குள், உள்ளறையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் அவள் போனில் பதில் வந்து விழுந்தது.

'மூக்கை மேலே மடிக்காதீங்க அண்ணி. விரிச்சு, உள்பக்கமாத் தள்ளுங்க, தானா வரும். அந்த மேடத்துக்கிட்ட நான் வாயே திறக்க மாட்டேன். இப்ப டப்பாவை மூடுங்க. போனை வைங்க, காகிதத்தைத் தொடுங்க!'