குக்கருக்குள் போன்

"ஏட்டி உமா, மூணு போனையும் குக்கர்ல போட்டு மூடு. வெயிட்டையும் மாட்டு!"

உமாமகேஸ்வரி கணவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதுல பருப்பு வேக வைக்கணுங்க."

"பருப்பு கிடக்கட்டும். இங்க மானம் கப்பலேறுது. மொதல்ல மூடு!"

இசக்கிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாராவி வீட்டின் ஒற்றை அறைக்குள் அங்கேயும் இங்கேயுமாக நடந்தார். டி.வி. ஒயரைப் பிடுங்கினார். கதவைத் தாழ் போட்டார்.

விஷயம் இதுதான். மகள் பிரபாவதிக்கு நிச்சயமான மாப்பிள்ளை மகேஷ்குமார், செம்பூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நிச்சயதார்த்தத்துக்கு அவளுக்குப் புதுப் போன் ஒன்று கொடுத்தான். போன வாரம் தாராவியிலேயே இருந்த அவர்கள் வீட்டு விருந்துக்குப் போய் வந்ததும், "சம்பந்தி வச்ச மீன்குழம்பை வாயில வைக்க முடியல" என்று இவர் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். மறுநாளே சம்பந்தியம்மாள் கூப்பிட்டு, "இனிமே உங்களுக்கு ஓட்டல்லயே வாங்கி வச்சிருதேன் அண்ணாச்சி" என்றாள். இவர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

"எல்லாம் அந்தப் போன் வேலைதான். ரிப்பேர்க்காரன்லா! உள்ள என்னத்தையோ வச்சுக் குடுத்து நம்ம பேச்சை ஒட்டுக் கேக்கான்."

"பப்பா, காலிபீலி காரணமே இல்லாம அவர் மேல டவுட் படாதீங்க." பிரபாவதியின் குரல் உடைந்தது. "அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

"பின்ன யாரு சொன்னா? நீயா?"

"சத்தியமா இல்ல."

"உங்கம்மையா?"

"முத்தாரம்மன் மேல ஆணையா நான் வாயே திறக்கலீங்க" என்றாள் உமாமகேஸ்வரி.

"அப்ப அவன்தான். தாலி கட்டுததுக்கு முன்னாலயே வேவு பாக்குதவன், பொறவு என் பிள்ளைய நிம்மதியா இருக்க விடுவானா?"

பிரபாவதி விசும்ப ஆரம்பித்தாள். இசக்கிமுத்துவே ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த சம்பந்தம். ஆனாலும் பெண்ணைத் தெரிந்தே கிணற்றில் தள்ள முடியுமா?

மூடிய குக்கரை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் காலையில போயி, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருதேன். அதுவரைக்கும் இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும். வெளியில மூச்சு விடக் கூடாது!"

அடுத்த நொடியே, தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் பதறினாள்.

"ஐயையோ அண்ணாச்சி, அவசரப்பட்டுராதிய! அந்தப் பையன் பாவம். ரேஷன் கடையில வச்சு மீன்குழம்பு கதைய அவங்கம்மாகிட்ட சொன்னது நான்லா!"