நாலு தட்டு

“டிரம்ஸுக்கு வேற ஆளைப் போடுங்க மாஸ்டர். இல்லைன்னா அடுத்த கச்சேரிக்கு நான் வரலை.”

பாட்டுக் குழுவில் சேர்ந்து முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை. அதற்குள் பாடகனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். “யாரை? நம்ம கடிகாரத்தையா?”

இருபத்தைந்து வருடத்தில் தாளம் ஒரு தட்டு பிசகியதில்லை என்பதால் டிரம்ஸ்காரருக்கு அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்காவது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

“அந்தக் கடிகாரம் ரிப்பேர் ஆயிடுச்சு மாஸ்டர். நேத்தும் அதே கூத்துதான். கல்யாண வரவேற்புல மழைப் பாட்டு பாடறேன். ரெண்டாவது சரணம், மூணாவது வரியை எடுக்கறேன். அவர் பாட்டுக்கு நாலு தட்டு கூடுதலா உருட்டிக்கிட்டு இருக்கார். மத்தவங்களும் பழக்கத்துல அவரோட நின்னுட்டாங்க. நான் மட்டும் அந்தரத்துல தொங்கறேன். மாப்பிள்ளையே சிரிச்சிட்டார்!”

“பழைய பாடகன் இருந்தப்பவே ஆரம்பிச்ச அலங்காரம் அது. இனிமே வேண்டாம்டான்னு அவன்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேனே.”

“நான் வாயால சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் மொத்தக் கச்சேரியையும் பதிவு பண்ணி வச்சேன். கேளுங்க.”

செல்போனை மேசை மேல் வைத்து ஓட விட்டான். மழைப் பாட்டு வந்தது. ரெண்டாவது சரணமும் வந்தது. அவன் குரல் ஒரு பக்கம் ஓட, டிரம்ஸ் இன்னொரு பக்கம் நிதானமாக உருண்டது. மாஸ்டர் முகம் சுளித்தார்.

சொல்லிவைத்த மாதிரி அந்த நேரம் பார்த்து டிரம்ஸ்காரர் உள்ளே வந்தார்.

“கேட்டியாடா?” என்றார் மாஸ்டர். “எத்தனை தடவை சொல்றது? நீ கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோ. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“சரி மாஸ்டர்.”

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. மாஸ்டர் தன் போனை எடுத்துக்கொண்டு வேறு டிரம்ஸ்காரரைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.

மேசை மேல் செல்போன் அடுத்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரர் தன் குச்சிகளை ஒரு பழைய துணியில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்த பாடகனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“அண்ணே, மத்த பாட்டெல்லாம் சரியாத்தானே வாசிக்கறீங்க? அந்த ஒரு இடத்துல மட்டும் ஏன்?”

“தப்பு என் பேர்லதான் தம்பி.” அவர் துணியை முடிந்தார். “பழைய பாடகன் என் சிநேகிதன். பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. கடைசி ரெண்டு வருஷம் அவனுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு. மாஸ்டருக்குத் தெரிஞ்சா பாட விடமாட்டாருன்னு சொல்லலை. மத்த பாட்டெல்லாம் எப்படியோ சமாளிச்சுடுவான். அந்த மூணாவது வரி உச்சத்துல எடுக்கணுமில்ல? அங்க மட்டும் மூச்சு பத்தாது.”

“அதனால?”

“அதனால அங்க நான் நாலு தட்டு உருட்டுவேன். எல்லாரும் என்னைப் பாப்பாங்க. அவன் அந்தப் பக்கம் திரும்பி மூச்சு வாங்கிக்குவான்.” லேசாகச் சிரித்தார். “கைதட்டல் எனக்கு. அதுக்கு வேற, ‘பெரிய வித்வான்னு நெனப்பாடா உனக்கு’ன்னு வீடு வரைக்கும் கிண்டல் பண்ணிக்கிட்டே வருவான்.”

அவர் குச்சி மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அவன் போய் எட்டு மாசமாச்சு. வேண்டாம்னுதான் நினைக்கறேன். ஆனா அந்தப் பாட்டு அந்த இடத்துக்கு வந்தா, பக்கத்துல அவன் மூச்சு வாங்கற சத்தம் கேக்குது தம்பி. கை தானா உருட்டிடுது.”

அவர் கண் கலங்கியதைப் பார்க்கக் கூசி, பாடகன் மேசையைப் பார்த்தான்.

டிரம்ஸ்காரர் சட்டென்று எட்டிச் செல்போனை நிறுத்தினார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“மாஸ்டர் வர்றதுக்குள்ள இந்தப் பதிவை அழிச்சிடு.”

“ஏண்ணே?”

“மிச்சம் இருக்கற பாட்டுல ஒன்பது இடத்துல நீ முன்னப் பின்ன வந்திருக்கே. எங்கெல்லாம் முந்தினியோ அங்க நானும் ஓடி வந்தேன். எங்க வரி மறந்துச்சோ அங்க உருட்டி நிரப்பினேன். மேடை இரைச்சல்ல யாருக்கும் தெரியாது. இப்படித் தனியா உக்காந்து கேட்டா அவர் காதுக்குத் தெரிஞ்சிடும். புதுசா வந்திருக்கே, உன் பொழைப்புல மண்ணு விழுந்துடக் கூடாதில்ல?”

குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பின்வாசல் வழியே நடந்தார்.

நேற்று எந்தெந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது என்று பாடகன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். முகம் சுட்டது.

செல்போனை எடுத்தான். அழிக்கவில்லை. சத்தத்தை முழுசாகக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

“அந்தப் போனை வச்சிடுங்க மாஸ்டர். மிச்சப் பாட்டையும் கேட்டுட்டு, அப்புறம் யாரை மாத்தணுமோ மாத்துங்க!”