பலகைக்கு அடியில்

தெருவில் எழுந்த கரகரப்பைக் கேட்டதும் தனசீலன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். பழைய ராணுவ லாரி ஒன்றைப் பழையபடி ஓட வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு, அதன் கியர்பாக்ஸுக்கு ஒரே ஒரு பேரிங் கிடைக்காமல் காயலான் கடைகளில் நாயாய் அலைந்துகொண்டிருந்தான். அந்த அளவு இப்போது வருவதே இல்லை என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

சத்தம் கிட்டே வந்தது. இரண்டு கால்களும் தொடையோடு போன ஒருவர், பலகையில் உட்கார்ந்து கைகளால் தரையை உந்திக்கொண்டு வந்தார். பலகைக்கு அடியில் சக்கரங்களாக நான்கு பேரிங்குகள், நாலும் நாலு தினுசு. முன்பக்கம் இருந்த பெரியதைப் பார்த்ததும் தனசீலன் அப்படியே மண்டியிட்டு அளந்தான். அச்சாக அதே அளவு. வெளிப்புறம் தேய்ந்திருந்தது, மேலே ஒரு வளையம் இறுக்கிச் சமாளித்துவிடலாம்.

“ஐயா, இது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும். பதிலுக்கு நாலையும் புதுசா மாட்டித் தர்றேன்.”

“எந்த வண்டிக்கு?”

சொன்னான். போர் வெற்றி விழா ஊர்வலத்தில் அதுதான் முன்னால் போகப்போகிறது என்பதையும் பெருமையாகச் சொன்னான்.

அவர் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என் மேல ஏறினதும் அந்த மாதிரி வண்டிதான். பின்னால அதைக் காயலான் கடையில உடைச்சப்போ இந்த பேரிங்கை மட்டும் கேட்டு வாங்கினேன். காலை எடுத்துக்கிட்டு இதைக் கொடுத்துச்சு. இப்ப இதுவும் வேணுமாமா அதுக்கு?”

தனசீலனின் விரல் பேரிங்கை விடவில்லை. மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம்கூட ஆட்டம் இல்லை.