மேஸ்திரியின் இடது கண்

நேற்று சுத்தமாகத் துடைத்துவிட்ட கண்ணில் இன்றும் வெள்ளை.

பல்லியை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் கழுத்தை மெல்ல அணைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். இடது கண்ணின் கீழ் விளிம்பில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வலது கண் கண்ணாடி மணி போல் பளபளத்தது. அதில் எந்தக் கோளாறும் இல்லாததால் நான் அதைத் தொட்டதே இல்லை.

"மேஸ்திரிக்கு இன்னைக்கு எப்படி இருக்குது?"

கட்டிலில் படுத்தபடி கேட்டார் என் வீட்டுக்காரர் சகாதேவன். உப்பளத்து வெயிலில் அவர் கண்ணில் வளர்ந்த சதையைப் போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி, வீட்டிலேயே ஓய்வு. நான் மட்டும் பாத்தி வேலைக்குப் போய் வந்தேன்.

பகலெல்லாம் அவருக்கு இருந்த ஒரே துணை இந்தப் பல்லி. டியூப்லைட் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல் தலையைத் திருப்பும். மேஸ்திரி என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

மேஸ்திரி தோல் உரித்தபோது இடது கண்மேல் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு பூச்சியைப் பார்த்துப் பாய்ந்தால் சுவர்தான் வாயில் அகப்பட்டது. ஒருநாள் கட்டில்மேல் விழுந்தது. பல்லி கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும். கண் போனால் பட்டினியில் செத்துவிடும். பிஸ்கட் ஜாடியின் மூடியில் ஓட்டை போட்டு, அதற்குள் வைத்து வைத்தியத்தை ஆரம்பித்தேன்.

வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணின்மேல் கண்ணாடி போட்டதுபோல் தெளிவான ஒரு தோல் இருக்கும். உடம்புத் தோலோடு அதுவும் உரியும். தூசு விழுந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட தோலைப் பிய்க்கக் கூடாது. ஈரத்தில் ஊறினால் தானே கழலும்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வீட்டில் இருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினேன். மறுநாளே தோல் முழுசாகப் பஞ்சோடு வந்துவிட்டது.

அதோடு சரியாகியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளை திரும்ப வந்தது. துடைத்தால் போனது, காய்ந்ததும் வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தால் இன்னும் தடிமனாக வந்தது.

"தோல் மிச்சம் இருக்குது. பிடிச்சு இழுத்துடு."

"கண்ணும் சேர்ந்து வந்துட்டா? உங்க கூலிங்கிளாஸ மேஸ்திரிக்கு மாட்டி விடுறதா?"

சொன்னேனே தவிர, எனக்கும் வேறு வழி தெரியவில்லை. விரல் நகத்தால் அந்த வெள்ளையின் ஓரத்தை மெல்லத் தொட்டேன்.

தோலென்றால் வளையும். இது உடைந்தது.

நகத்தில் ஒட்டிய துகளை யோசிக்காமல் நாக்கில் வைத்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பழக்கம் அது. பாத்தித் தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை நாங்கள் முதலில் நாக்கிடம்தான் கேட்போம்.

"ஏய் அம்சா, பல்லி கண்ணுல இருந்ததைப் போயி... துப்புடி."

"உப்புங்க."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் முழிப்பது தெரிந்தது.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால்தான் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு பூக்கிறது. எங்கள் போர் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் கரிக்கும். அதைக் கிருமியெல்லாம் சாகட்டும் என்று பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சியிருக்கிறேன். பாதியானது தண்ணீர்தான், உப்பு அப்படியே இருந்தது. வருஷம் முழுக்க வெயில் எங்களுக்குச் செய்து கொடுக்கிற வேலையை அடுப்பில் வைத்துச் செய்துவிட்டு, சுத்தமான தண்ணீர் என்று தட்டு போட்டு மூடியும் வைத்திருக்கிறேன். அதைத்தான் இமையில்லாத கண்ணில், ஜன்னல் காற்றில், தினமும் விட்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "ஊர்ல இடமே இல்லாத மாதிரி, மேஸ்திரி கண்ணுலயே பாத்தி கட்டிட்ட."

"சிரிக்காதீங்க. கண்ணு எரியப்போவுது."

"சிரிச்சா எரியலடி. நீ துடைச்சு விட்டாதான் எரியுது. ஆபரேஷன் பண்ண கண்ணு, அப்படித்தான் இருக்கும்."

பல்லியை ஜாடியில் விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். பாத்திரத்தின் மேலிருந்த தட்டை எடுத்தேன்.

அந்தத் தண்ணீரை நான் பல்லிக்காகக் காய்ச்சவில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையைத் துடைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். காலையும் மாலையும் முதலில் என் வீட்டுக்காரர் கண்; மிச்சம்தான் மேஸ்திரிக்கு.

நமக்கு இமை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. சிமிட்டிச் சிமிட்டிக் கழுவிவிடுகிறோம். வெள்ளை தெரியாது. எரிச்சல் மட்டும் தெரியும்.

பாத்திரத்தைத் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டு வந்தேன். வேறு பாத்திரத்தில், குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றி, நன்றாகக் கொதித்ததும் சுண்டவிடாமல் இறக்கி, மூடி ஆறவைத்தேன். புதுப் பஞ்சு எடுத்துக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

கறுப்புக் கண்ணாடியை நானே கழற்றினேன். இமையை ஒற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

"என்ன, துடைக்கலையா?" என்றார்.

"துடைச்சாச்சு."

அடுத்த பஞ்சு மேஸ்திரிக்கு. சாயங்காலம் ஜாடியைத் தூக்கிப் பார்த்தேன். இடது கண்ணும் வலது கண்ணைப் போலவே பளபளத்தது.

இப்போது கேன் தண்ணீரைத்தான் காய்ச்சுகிறேன். கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.